90-களின் இறுதியில் ஹிப்-ஹாப் சத்தம் எப்படி மாறியது? தருமபுரி காதுகளுக்கு ஒரு கைடு!

தருமபுரி பஸ் ஸ்டாண்டில் ஒகேனக்கல் பஸ் ஏறி, ஜன்னல் சீட்டும் பிடிச்சாச்சா? பென்னாகரம் வர்றதுக்குள்ள ஒரு சின்ன சோதனை பண்ணிப் பார்க்கலாம். இயர்போனை மாட்டுங்க.

முதல் பாட்டு, நாஸ் பாடிய 'என்.ஒய். ஸ்டேட் ஆஃப் மைண்ட்'. 1994-ல் வந்தது. இரண்டாவது, டி.எம்.எக்ஸ் பாடிய 'ரஃப் ரைடர்ஸ் ஆன்தம்'. 1998-ல் வந்தது. வரிகள் புரியணும்னு அவசியமில்லை. பின்னால் ஓடுற சத்தத்தை மட்டும் கவனிங்க.

முதல் பாட்டில் பழைய ரெக்கார்டின் தூசி வாசம் அடிக்கும். இருட்டு அறையில் யாரோ பியானோ கட்டையைத் தட்டுற மாதிரி ஒரு துண்டு இசை திரும்பத் திரும்பச் சுற்றும். இரண்டாவது பாட்டில் அந்தத் தூசியே இருக்காது. பளிச்சென்று, வெறும் கீபோர்டு சத்தம். அதன்மேல் ஸ்டேடியத்தில் கூட்டம் கத்துற மாதிரி ஒரு ஹூக்.

இரண்டுமே நியூயார்க் பாட்டுதான். நடுவில் வெறும் நாலு வருஷம். அந்த நாலு வருஷத்தில் என்ன ஆச்சு? இன்னைக்கு உங்க ரீல்ஸில் ஓடுற பாதி பீட்டுக்கு விதை அங்கேதான் விழுந்தது. வாங்க, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதல்ல, 'பூம் பாப்'னா என்ன?

'பூம்' என்பது கிக் டிரம், 'பாப்' என்பது ஸ்னேர். நிமிடத்துக்குச் சுமார் 90 அடி வேகத்தில், தலையை ஆட்ட வைக்கிற அந்தப் பழைய ஹிப்-ஹாப் தாளத்துக்குத்தான் இந்தப் பெயர். 1990-களின் முதல் பாதியில் நியூயார்க்கின் அடையாளமே இதுதான்.

இதைச் செய்ய இசைக்குழு தேவையில்லை. பழைய ஜாஸ், சோல் இசைத்தட்டுகளைத் தேடி வாங்கணும். அதிலிருந்து சில நொடிகளை வெட்டி எடுக்கணும். அதைத்தான் 'சாம்பிள்' என்கிறோம். வெட்டி ஒட்டுற வேலைக்கு 1987-ல் வந்த எஸ்பி-1200, 1988-ல் வந்த அகாய் எம்பிசி-60 என இரண்டு கருவிகள் ரொம்பப் பிரபலம். எஸ்பி-1200-ல் மொத்தமே சுமார் 10 நொடி ஒலியைத்தான் வைத்துக்கொள்ள முடியும். இப்போ உங்க போனில் ஒரு வாய்ஸ் நோட்டே அதைவிட நீளம்! அந்தக் குறைந்த இடத்தில் திணிக்கும்போது ஒலி கொஞ்சம் கரகரப்பாக மாறும். அந்தக் கரகரப்பே பிறகு ஸ்டைல் ஆகிவிட்டது.

அப்புறம் ஏன் மாறியது?

ஒரே ஒரு காரணம் சொல்ல முடியாது. நாலு விஷயங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து சேர்ந்தன.

ஒன்று, கோர்ட். 1991-ல் பிஸ் மார்க்கி என்ற ராப்பர், கில்பர்ட் ஓ'சல்லிவன் என்ற பாடகரின் பாட்டிலிருந்து அனுமதியில்லாமல் ஒரு துண்டை எடுத்துப் பயன்படுத்தினார். வழக்கு நியூயார்க் கோர்ட்டுக்குப் போனது. 'திருடாதே' என்ற பைபிள் கட்டளையோடு நீதிபதி தீர்ப்பை ஆரம்பித்தார். அன்றிலிருந்து, ஒவ்வொரு சாம்பிளுக்கும் முன்கூட்டியே அனுமதி வாங்கணும், காசு கொடுக்கணும் என்ற நிலை வந்தது. பத்துத் துண்டுகளை அடுக்கி ஒரு பாட்டு செய்தால், பத்துப் பேரிடம் பேரம் பேசணும். கையில் காசில்லாதவர்களுக்குக் கட்டுப்படியாகுமா?

காசு இருந்தவர்கள் வேறு வழி எடுத்தார்கள். எல்லோருக்கும் தெரிந்த ஒரே ஒரு பெரிய ஹிட்டை எடுத்து, அதையே பாட்டின் முதுகெலும்பாக வைத்தார்கள். 1997-ல் பஃப் டாடி வெளியிட்ட 'ஐ'ல் பி மிஸ்ஸிங் யூ' அப்படித்தான். 'தி போலீஸ்' குழுவின் 1983-ம் வருஷ ஹிட் அதில் அப்படியே கேட்கும். பில்போர்டு பட்டியலில் 11 வாரம் முதலிடத்தில் இருந்தது. ஆனால், பாட்டின் ராயல்டியில் பெரும்பங்கு மூலப் பாடலை எழுதிய ஸ்டிங்குக்குப் போனது.

இரண்டு, இரண்டு மரணங்கள். 1996 செப்டம்பர் 13-ல் டூபாக் இறந்தார். 1997 மார்ச் 9-ல் நட்டோரியஸ் பி.ஐ.ஜி. கொல்லப்பட்டார். இருவருமே சுட்டுக் கொல்லப்பட்டவர்கள். டூபாக்குக்கு அப்போதுதான் 25 வயது, பி.ஐ.ஜி-க்கு 25 வயதுகூட ஆகவில்லை. மேற்கு, கிழக்கு என்று சண்டை போட்ட இரண்டு கடற்கரைகளும் தங்கள் மையத்தை இழந்தன. மேலே சொன்ன பஃப் டாடி பாட்டே பி.ஐ.ஜி-க்கான அஞ்சலிதான். அந்தத் துக்கத்துக்குப் பிறகு வானொலியும் டி.வி-யும் கொண்டாட்டமான, ஆடக்கூடிய, பளபளப்பான பாட்டுகளின் பக்கம் சாய்ந்தன. பளபள சூட் போட்டுக்கொண்டு ஆடுற வீடியோக்கள் 1997-ல் வரிசை கட்டின.

மூன்று, ரேடியோ. 1996-ல் அமெரிக்கா ஒரு தொலைத்தொடர்புச் சட்டம் கொண்டுவந்தது. ஒரு நிறுவனம் நாடு முழுக்க எத்தனை ரேடியோ நிலையங்கள் வைத்திருக்கலாம் என்ற வரம்பு நீங்கியது. சுமார் 40 நிலையங்கள் வைத்திருந்த ஒரு நிறுவனம், சில வருஷங்களில் 1,200-ஐத் தொட்டது. ஊருக்கு ஊர் வேறு வேறு பாட்டு ஓடிய காலம் சுருங்கி, நாடு முழுக்க ஒரே பட்டியல் ஓடும் காலம் வந்தது. அந்தப் பட்டியலில் இடம் பிடிக்கணும்னா, கேட்ட உடனே மனசில் ஒட்டுற ஹூக் வேணும்.

நான்கு, கீபோர்டு. சாம்பிள் விலை ஏறின அதே நேரத்தில், நல்ல சத்தம் தரும் கீபோர்டுகள் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தன. 1999-ல் வந்த கோர்க் ட்ரைட்டன் அதில் முக்கியமானது. நீங்களே மெட்டுப் போட்டால் யாருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை. கணக்கு அவ்வளவு சிம்பிள்.

மேலே சொன்ன 'ரஃப் ரைடர்ஸ் ஆன்தம்' பீட்டைச் செய்த ஸ்விஸ் பீட்ஸுக்கு அப்போ இருபது வயதுகூட ஆகவில்லை. பழைய தட்டு எதையும் தேடாமல், கீபோர்டில் விரல் வைத்தே அதை அடித்துவிட்டார்.

தலைநகரம் இல்லை, ஓரத்து ஊர்கள்!

இந்தக் கதையில் நமக்கு ரொம்ப முக்கியமான பகுதி இதுதான். ஹிப்-ஹாப் பிறந்தது நியூயார்க்கில். பிறகு லாஸ் ஏஞ்சல்ஸ் எழுந்தது. ஆனால், 90-களின் இறுதியில் சத்தத்தை மாற்றியவர்களில் பெரும்பாலானவர்கள் இந்த இரண்டு நகரங்களையும் சேர்ந்தவர்கள் இல்லை.

டிம்பலாண்டும் மிஸ்ஸி எலியட்டும் வர்ஜீனியா மாநிலத்துக்காரர்கள். ஃபாரெல் வில்லியம்ஸ், சாட் ஹ்யூகோ இருவரும் அதே மாநிலத்தின் வர்ஜீனியா பீச்சில் வளர்ந்தவர்கள். பள்ளி வயதில் ஒரு கோடைக்கால இசை முகாமில் பழகி நண்பர்களானவர்கள். 'தி நெப்டியூன்ஸ்' என்ற பெயரில் 1998-ல் நோரியேகாவின் 'சூப்பர்தக்' பாட்டுக்கு பீட் போட்டு, ஒரே நாளில் திரும்பிப் பார்க்க வைத்தார்கள். வர்ஜீனியா பீச் என்றால் அதுவரை ஹிப்-ஹாப் உலகத்தில் யாரும் கண்டுகொள்ளாத இடம். நம்ம பாஷையில் சொன்னா, 'அது எந்தப் பக்கம் இருக்கு?'ன்னு கேட்பாங்களே, அந்த மாதிரி ஊர்.

நியூ ஆர்லியன்ஸில் 'பவுன்ஸ்' என்று ஓர் உள்ளூர் ஆட்ட இசை இருந்தது. தெருவிலும் கிளப்பிலும் ஓடுற, வேகமான, இடுப்பை ஆட்ட வைக்கிற தாளம். மேனி ஃபிரெஷ் என்ற தயாரிப்பாளர் அதை வெட்கப்படாமல் அப்படியே மேலே கொண்டுவந்தார். 1998-ல் ஜூவனைல் பாடிய 'ஹா' பாட்டில் அதைக் கேட்கலாம். உள்ளூர் பேச்சுவழக்கு, உள்ளூர் தாளம், எதையும் மாற்றிக்கொள்ளவில்லை.

அட்லாண்டாவின் அவுட்காஸ்ட் கதை இன்னும் சுவாரஸ்யம். 1995-ல் நியூயார்க்கில் நடந்த சோர்ஸ் விருது விழாவில் அவர்கள் பெயரை அறிவித்ததும் அரங்கம் கூச்சலிட்டது. 'தெற்கத்தி ஆளுங்களுக்கு என்ன தெரியும்?' என்ற மனநிலை. மூன்றே வருஷத்தில், 1998-ல், 'அக்வெமினி' ஆல்பத்தோடு வந்தார்கள். அதற்குப் பிறகு அப்படிக் கூச்சலிட யாருக்கும் தைரியம் வரவில்லை. இன்றைக்கு உலகம் முழுக்க ஓடுற 'ட்ராப்' பீட்டின் தாய்வீடே அட்லாண்டாதான்.

காதால் கண்டுபிடிப்பது எப்படி?

ஒரு பாட்டு மாற்றத்துக்கு முந்தியதா, பிந்தியதா? இந்த அஞ்சு இடத்தில் காதை வைங்க.

கிக்: பூம் பாப்பில் கிக் அளவாக, நிதானமாக விழும். டிம்பலாண்ட் பீட்டில் அது தடுக்கி விழுவதுபோல் இரட்டை இரட்டையாக வரும்.

ஹை-ஹாட்: முன்பு 'டிக் டிக்' என்று சீராக ஓடும். பிறகு அது பொரியுற கடுகு மாதிரி சடசடவென ஓடி, திடீரென்று நிற்கும்.

பேஸ்: 1980-ல் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் கொண்டுவந்த டிஆர்-808 கருவியின் ஆழமான கிக் சத்தம் தெற்கத்தி ஊர்களில் ராஜாவாக இருந்தது. போன் ஸ்பீக்கரில் இது கேட்கவே கேட்காது. இயர்போன் கட்டாயம்.

மௌனம்: பூம் பாப்பில் சாம்பிள் எப்போதும் பின்னால் சுற்றிக்கொண்டே இருக்கும். புதிய பீட்டுகளில் நிறைய வெற்றிடம் இருக்கும். 1998-ல் ஆலியா பாடிய 'ஆர் யூ தட் சம்படி?' கேளுங்க. தாளம் நின்று நின்று போகும், நடுவில் ஒரு குழந்தையின் மழலைச் சத்தம்கூட வரும்!

ஹூக்: நீளமான வரிகளைவிட, கூட்டமாகச் சேர்ந்து கத்தக்கூடிய குட்டி வாக்கியம் முக்கியமானது.

ஒன்றை மறந்துடாதீங்க. சாம்பிள் அடியோடு செத்துப்போகவில்லை. 2001-ல் ஜே-ஸியின் 'தி ப்ளூபிரின்ட்' ஆல்பத்தில் கான்யே வெஸ்ட், ஜஸ்ட் பிளேஸ் இருவரும் பழைய சோல் பாட்டுகளைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். இன்னொரு பக்கம், 1998-ல் லாரின் ஹில் நேரடி வாத்தியங்களோடு செய்த ஆல்பம், அடுத்த வருஷம் கிராமியின் 'ஆண்டின் சிறந்த ஆல்பம்' விருதைத் தட்டியது. எல்லோரும் ஒரே பாதையில் போகவில்லை. ஆனால், பெரிய சாலை கீபோர்டு பக்கம் திரும்பியது.

நம்ம சத்தம் அங்கே போன கதை

மெட்டு தேடிப் போனவர்களின் காது ஒரு கட்டத்தில் கிழக்கே திரும்பியது. 1999-ல் வந்த ஜே-ஸி ஆல்பத்தில் 'பிக் பிம்பின்' பாட்டுக்கு, எகிப்தின் பலீக் ஹம்தி 1957-ல் போட்ட மெட்டை டிம்பலாண்ட் எடுத்தார். ஹம்தியின் குடும்பத்தினர் 2007-ல் வழக்குப் போட்டார்கள். 2015-ல்தான் அது தள்ளுபடியானது. 2001-ல் மிஸ்ஸி எலியட்டின் 'கெட் யுவர் ஃப்ரீக் ஆன்' பாட்டில் பஞ்சாபி தும்பியும் தபலாவும் கேட்டபோது, இந்தியாவே நிமிர்ந்து உட்கார்ந்தது.

2002-ல் ட்ரூத் ஹர்ட்ஸ் பாடிய 'அடிக்டிவ்' பாட்டில் லதா மங்கேஷ்கரின் குரலே நீளமாக வந்தது. அது 1981-ல் 'ஜோதி' என்ற இந்திப் படத்துக்காக பப்பி லஹிரி இசையமைத்த பாட்டு. இந்தியத் தரப்பு வழக்குப் போட, உரிய பெயர் போடாமல் ஆல்பத்தை விற்கக் கூடாது என்று அமெரிக்க கோர்ட் தடை போட்டது. யோசிச்சுப் பாருங்க. பிஸ் மார்க்கிக்கு 1991-ல் பாடம் எடுத்த அதே நாட்டின் இசைத்துறை, தூரத்து நாட்டுப் பாட்டு என்றதும் அந்தப் பாடத்தை மறந்துவிட்டது. 'யாருக்குத் தெரியப்போகுது' என்ற அலட்சியம்தான், வேறென்ன?

எம்.ஐ.ஏ விஷயம் வேறு. லண்டனில் பிறந்து, சில காலம் இலங்கையில் வளர்ந்த தமிழ்ப் பெண். 2007-ல் வந்த அவருடைய 'கலா' ஆல்பத்தில் 'தளபதி' படப் பாட்டின் துண்டும் இருக்கிறது, உறுமிச் சத்தமும் இருக்கிறது. உறுமியை ராப்போடு சேர்த்தால் உலகம் ஆடும் என்று நிரூபித்தவர் அவர்.

தமிழ் ராப் எப்போ மாறியது?

1994-ல் 'காதலன்' படத்தின் 'பேட்ட ராப்'பை சுரேஷ் பீட்டர்ஸ், தேனி குஞ்சரமாள், ஷாகுல் ஹமீது பாடினார்கள். ஏ.ஆர்.ரஹ்மான் அதில் செய்தது முக்கியமானது. ராப்பை அப்படியே இறக்காமல், நாட்டுப்புறக் குரலை அதற்குள் உட்கார வைத்தார். ஆனாலும், அது ஒரு சினிமாப் பாட்டாகத்தான் நின்றது. தனி இயக்கமாக மாறவில்லை.

அது நடந்தது மலேசியாவில். யோகி பி இருந்த 'பொயட்டிக் அம்மோ' குழு 1998-ல் வெளியிட்ட ஆல்பத்தில் ஆங்கிலம், மலாய், கான்டனீஸ் ஆகியவற்றோடு தமிழும் ஒலித்தது. அமெரிக்காவில் சத்தம் மாறிக்கொண்டிருந்த அதே வருஷம்! பிறகு யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் மூவரும் 'நட்சத்திரா' என்ற பெயரில் 2006-ல் 'வல்லவன்' ஆல்பத்தைக் கொண்டுவந்தார்கள். அதில் இளையராஜாவின் 'மடை திறந்து' ராப் ஆனது. தமிழ்நாட்டு காலேஜ் பசங்க செல்போன் ரிங்டோனில் அதைக் கேட்டுத் திளைத்தார்கள்.

இடையில் 2002-ல் 'பாபா' படத்தில் பிளேஸ் ராப் பாடினார். 2011-ல் கோவை ஆதியும் ஜீவாவும் சேர்ந்த ஹிப்ஹாப் தமிழாவின் 'கிளப்புல மப்புல' இணையத்தில் தீயாகப் பரவியது. 2018-ல் சென்னையில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையில் கானா, பறை, ராப் மூன்றும் ஒன்றாக நின்றன. அதிலிருந்து வந்த அரக்கோணம் அறிவு, 2019-ல் 'தெருக்குரல்' ஆல்பத்தையும், 2021-ல் தீ, சந்தோஷ் நாராயணனோடு 'என்ஜாய் எஞ்சாமி'யையும் தந்தார்.

கோவை, அரக்கோணம், கோலாலம்பூர். இங்கேயும் கதை ஓரத்து ஊர்களில்தான் சூடு பிடித்தது, கவனிச்சீங்களா?

சரி, தருமபுரிக்கு இதில் என்ன?

நிறைய இருக்கு. தருமபுரியின் பழைய பெயர் தகடூர். அதியமான் ஆண்ட ஊர். அவனுக்காக ஔவையார் காஞ்சித் தொண்டைமானிடம் தூது போன கதை புறநானூற்றில் இருக்கிறது. தொண்டைமான் தன் ஆயுதச் சாலையைப் பெருமையாகக் காட்டுகிறான். ஔவை என்ன சொன்னார்? 'உன் வேல்கள் நெய் பூசி, மாலை போட்டு, பளபளன்னு பத்திரமா இருக்கு. எங்க தலைவன் வேல்களோ முனை உடைஞ்சு கொல்லன் பட்டறையில கிடக்கு' என்ற பொருளில் ஒரு போடு போட்டார். புகழ்கிற மாதிரியே, 'நீ போருக்கே போகாதவன்' என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். ராப் பேட்டிலில் இதைத்தான் 'டிஸ்' என்கிறார்கள்!

சத்தத்துக்கும் பஞ்சமில்லை. மாரியம்மன் பண்டிகையில் பம்பை அடிக்கும்போது பக்கத்தில் நின்றிருக்கீங்களா? சேர்த்துக் கட்டிய இரட்டை மேளம், அதன்மேல் பாயும் குச்சிகள், கூடவே உடுக்கை. அடி ஓடிக்கொண்டே இருக்கும்போது திடீரென ஓர் இடைவெளி விழும், அந்த இடைவெளியில்தான் உடம்பு சிலிர்க்கும். டிம்பலாண்ட் 1998-ல் கண்டுபிடித்ததாக உலகம் கொண்டாடிய அந்த 'நின்று அடிக்கிற' வித்தையை நம்ம பம்பைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்கிறார்கள். விடிய விடிய நடக்கும் தெருக்கூத்தில், மிருதங்கத்துக்கும் கட்டியங்காரன் பேச்சுக்கும் நடக்கிற போட்டியைக் கேட்டாலும் இது புரியும்.

பெங்களூருக்கும் ஓசூருக்கும் வேலைக்குப் போற நம்ம பசங்க, ரூமில் போனை வைத்தே பீட் போடுகிறார்கள். ஊரில் பண்டிகைக்கு டி.ஜே செட் வருவது கூடியிருக்கிறது. அந்தச் சத்தத்தில் பம்பை மூழ்கிப்போகிறதா, இல்லை பம்பையே பீட்டாக மாறப்போகிறதா என்பது உங்க கையில்தான் இருக்கு.

பீட் போடுறீங்களா? இதைப் படிச்சுட்டுப் போங்க!

* ஒரு பாட்டில் இரண்டு உரிமைகள் இருக்கின்றன. மெட்டு, வரிகளுக்கு ஒன்று. பதிவு செய்த ஒலிக்கு இன்னொன்று. இந்தியாவின் 1957-ம் வருஷ காப்புரிமைச் சட்டப்படி மெட்டுக்கும் வரிகளுக்கும் படைத்தவர் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டுகள் பாதுகாப்பு உண்டு. ஒலிப்பதிவுக்கு வெளியான பிறகு 60 ஆண்டுகள்.

* 'அஞ்சு செகண்டுதானே எடுத்தேன்' என்பதை நம்பி இறங்காதீங்க. இத்தனை நொடி வரை இலவசம் என்று சட்டத்தில் எந்தக் கணக்கும் இல்லை. 2024-ல் 'மஞ்சும்மல் பாய்ஸ்' படத்தில் 'குணா' பாட்டைப் பயன்படுத்தியதற்கு இளையராஜா தரப்பு நோட்டீஸ் அனுப்பியது நினைவிருக்கும்.

* ஊர்ப் பண்டிகையின் பாரம்பரியத் தாளம் தனி ஒருவருக்குச் சொந்தமில்லை. ஆனால், அதை அடிக்கிற கை ஒருவருடையது. பதிவு செய்யும் முன் அனுமதி கேளுங்க. காசு கொடுங்க. பாட்டில் அவர் பெயரைப் போடுங்க. 'அடிக்டிவ்' பாட்டில் லதாவுக்கு நடந்ததை, நீங்க உங்க ஊர் பம்பைக்காரருக்குச் செய்துவிடாதீங்க.

* மேளத்துக்கு ரொம்பப் பக்கத்தில் போனை நீட்டினால் சத்தம் உடைந்து பதிவாகும். சில அடிகள் தள்ளி நில்லுங்க. முழு மேளம் ஒன்று, தனித்தனி அடிகள் ஒன்று என இரண்டு விதமாகப் பதிவு பண்ணுங்க. தனி அடிகளை வைத்துத்தான் பீட் கட்ட முடியும்.

* யாரோடு சேர்ந்து பாட்டு பண்ணினாலும், யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை முதல் நாளே எழுதி வைங்க. 'என்ஜாய் எஞ்சாமி' உலகமே கேட்ட பாட்டு. ஆனால், அதனால் தங்களுக்கு வருமானமே வரவில்லை என்று 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகவே சொன்னார். அவ்வளவு பெரிய ஆட்களுக்கே அந்த நிலைமை.

இன்னைக்குக் கேட்க ஒரு பிளேலிஸ்ட்

வருஷ வரிசையில் கேளுங்க, மாற்றம் தானாகப் புரியும்.

1994 - நாஸ், 'என்.ஒய். ஸ்டேட் ஆஃப் மைண்ட்'
1997 - மிஸ்ஸி எலியட், 'தி ரெய்ன்'
1998 - டி.எம்.எக்ஸ், 'ரஃப் ரைடர்ஸ் ஆன்தம்'
1998 - நோரியேகா, 'சூப்பர்தக்'
1998 - ஜூவனைல், 'ஹா'
1999 - டாக்டர் ட்ரே, 'ஸ்டில் டி.ஆர்.ஈ.'
2001 - மிஸ்ஸி எலியட், 'கெட் யுவர் ஃப்ரீக் ஆன்'
2006 - யோகி பி & நட்சத்திரா, 'மடை திறந்து'
2021 - தீ, அறிவு, 'என்ஜாய் எஞ்சாமி'

ஒரு எச்சரிக்கை. ஆங்கிலப் பாட்டுகளில் கெட்ட வார்த்தைகளும், பெண்களை மட்டமாகப் பேசும் வரிகளும் தாராளமாக வரும். வீட்டில் ஸ்பீக்கரில் போட்டு மாட்டிக்காதீங்க. அவங்க பீட்டை ரசிக்கலாம், அந்தப் புத்தியை எடுத்துக்க வேண்டியதில்லை.

1998-ல் வர்ஜீனியா பீச்சில் இரண்டு பசங்க கீபோர்டு முன்னால் உட்கார்ந்தபோது, 'நியூயார்க் போனாத்தான் ஆகும்'னு அவங்ககிட்டயும் யாராவது சொல்லியிருப்பாங்க. அவங்க தங்கள் ஊர் அறையிலேயே உட்கார்ந்து பீட் போட்டாங்க, நியூயார்க் தேடி வந்தது. அடுத்த மாரியம்மன் பண்டிகைக்கு லீவு போட்டு ஊருக்கு வருவீங்கதானே? வரும்போது போனில் கொஞ்சம் இடம் காலி பண்ணிட்டு வாங்க. பம்பைக்காரர்கிட்ட முதல்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு, ரெக்கார்டு பட்டனை அமுக்குங்க.